ராகேலின் கஜம்

கரமனைச் சத்திரத்துக்கு நோட்டீஸ் வந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. அதைத் தாசையன் மூன்று தடவை உரக்க வாசித்ததும், அவர் மனைவி ராகேல் அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்ததும், மகள் சரோஜம் அதை வெளியே எடுத்து நாலாவது தடவை வாசித்து, "அப்பா, நமக்கெ வாசல இடிக்கப் போறாங்கன்னு எழுதியிருக்கு" என்று சுருக்கமாகச் சொன்னதும் போன வாரக் கதை.

இந்த வாரம்தான் இந்தக் கதைக்குள் வண்டி ஏறுகிறவர்களுக்கு இவ்வளவு போதும். நாகர்கோவில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். திருவனந்தபுரத்துக்குள் நுழையும் இடத்தில், தாசையன் குடும்பம் குடியிருக்கிற பழைய சத்திரம் ரோட்டுக்குள் பதினைந்து அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ரோடு ஆபீஸ் சொல்கிறது. அந்தப் பதினைந்து அடியில்தான் வாசல் வளைவு இருக்கிறது. வளைவுக்கு மேலே மர அழி போட்ட மாடம் இருக்கிறது. ராகேல் உட்கார்ந்து லேஸ் பின்னுகிற மீன் முறியும் இருக்கிறது. இந்த வீட்டில் அறைக்கு முறி என்றுதான் பெயர். பாதி மலையாளம் கலக்காமல் இங்கே யாருக்கும் வாய் திறக்காது.

இன்று வியாழக்கிழமை. அளக்க வருகிறார்கள்.

தாசையன் காலை ஆறு மணிக்கே கோட்டு மாட்டிக்கொண்டார். கோட்டுக்குள் அவருக்கு வேர்த்தது. ஆனாலும் கழற்றவில்லை. முப்பது வருஷம் அவர் இந்தச் சத்திரத்தின் காரியஸ்தராக இருந்தவர். அவருடைய அப்பா யோசுவா அவருக்கு முன்னால் காரியஸ்தர். பஸ் ஓட ஆரம்பித்ததும் மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு நாள் ஒரு வண்டிகூட வராமல் போயிற்று. அப்போது சத்திரத்தை விலைக்கு வாங்கி வீடாக்கிக்கொண்டார். வீடு என்று மற்றவர்கள்தான் சொல்வார்கள். அவர் இன்னும் சத்திரம் என்றுதான் சொல்வார்.

சாம்பசிவன் பத்து மணிக்கு வந்தார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர், ரோடு ஆபீஸில் ஓவர்சியர். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தொந்தி, மழை இல்லாத நாளிலும் கையில் குடை. பின்னால் இரண்டு ஆட்கள் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராகேல் காப்பி கொண்டுவந்தாள். அவர் மிகவும் பணிவாக, இப்போதுதான் வீட்டில் ஆயிற்று என்றார். அது ஆசாரத்துக்காகச் சொல்கிற பொய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சரோஜம் ஓர் இளநீர் சீவிக் கொண்டுவந்தாள். இளநீருக்கு ஆசாரம் கிடையாது.

அளப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை என்றார் தாசையன். அந்த ஒரு வார்த்தை முக்கால் மணி நேரம் போயிற்று.

இந்தச் சத்திரத்தைக் கட்டினவர் அம்பாசமுத்திரத்து ஜவுளி வியாபாரி நாகேஸ்வரன் பிள்ளை. ஒரு மழைநாளில் ஏழு வண்டிச் சரக்கோடு வந்து தங்க இடமில்லாமல் நனைந்தார். அந்த ஈரம் காய்வதற்குள் சத்திரம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். இது தாசையன் சொல்லும் கதை. சரோஜம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டதில் ஒரே ஒரு வண்டிதான் நனைந்தது. வருஷத்துக்கு வருஷம் வண்டிகள் கூடிக்கொண்டே வந்தன. கோட்டுப் போட்டால் ஏழு.

ஆனால் கட்டடத்தைப் பற்றி அவர் சொன்னதில் பொய் கிடையாது. அது கண்முன்னால் நின்றது. கல் வேலைக்கு அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்தே கல்தச்சர்களைக் கூட்டிவந்தார்கள். மர வேலைக்கு இங்கே உள்ள ஆசாரிமார். அதனால் கீழே பாண்டிக் கல், மேலே மலையாளத்து மரம். வளைவுக்குள் வண்டிச் சக்கரம் ஓடுவதற்கென்று இரண்டு வரிசை பாளக்கல், சக்கரம் உரசி உரசி நடுவில் குழிந்து கிடந்தது. முற்றத்தைச் சுற்றி எட்டு முறி. வண்டிக்காரர்களுக்கு எண் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு நிலைப்படிக்கு மேலும் ஒரு படம் செதுக்கியிருந்தது. மீன், ஆனை, விளக்கு, பலாப்பழம் என்று எட்டு. பலாப்பழ முறியில் படுத்தால் நல்ல தூக்கம் வரும் என்று அந்தக் காலத்தில் அடிபிடி நடக்குமாம்.

சாம்பசிவன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மேலே மாடத்தின் அழிகளைத் தொட்டுப் பார்த்தார். இடிக்க அளக்க வந்தவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில் ராகேலுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கடைசியாகத் தாசையன் அவரை வாசற்கல்லுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நீளமான கருங்கல் படி. அதன்மேல் குறுக்காக இரண்டு வெட்டு, நடுவில் ஏதோ எழுத்து. காவிப் பூச்சும் எண்ணெயும் வருஷக்கணக்காக ஏறி எழுத்து மூடிப்போயிருந்தது.

"இது கஜ அளவு," என்றார் தாசையன். "ஜவுளி வியாபாரிமாரு ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தப்படாதுன்னு நாகேஸ்வரன் பிள்ளை வெட்டி வச்சது. நடுவில இருக்கது அவருக்கெ பேரு. எனக்கெ வீட்டுக்காரி இருபத்திரண்டு வருஷமா இதுலதான் லேஸ் அளக்கா."

ராகேல் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அதில் பெருமைதான். ராகேல் லேஸ் என்றால் சபையில் ஒரு மதிப்பு. பின்னலில் ஒரு முடிச்சுத் தவறாது, அளவில் ஒரு நூல் குறையாது என்று பெயர். சாலைச் சந்தையில் வாங்கிய எலுமிச்சையில் இரண்டு கூடுதலாக விழுந்துவிட்டது என்று வெயிலில் திரும்ப நடந்து கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

பிறகு சங்கிலி பிடித்தார்கள். பின்னெல்லைக் கல் பலா மரத்தடியில் இருக்கிறது. அங்கிருந்து முற்றத்தைக் கடந்து, வளைவுக்குள் புகுந்து, வாசற்கல்வரை. சாம்பசிவன் நோட்டில் குறித்தார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். மறுபடியும் அதே கணக்கு.

"உங்க பழைய பத்திரம், அந்த ஆதாரத்துல பின்னெல்லைக் கல்லேர்ந்து வாசக்கல் வரைக்கும் நாப்பது கோல்னு போட்டிருக்கு," என்றார். "இந்த ஊர்க் கோலுக்கு ரெண்டடி நாலரை அங்குலம். தொண்ணூத்தஞ்சு அடியாக்கும். சங்கிலி நூத்திப்பத்து காட்டறது. நான் என்ன பண்றது, சொல்லுங்கோ."

சாம்பசிவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்களுக்குக் கை காட்டினார். அவர்கள் வாசற்கல்லிலிருந்து பதினைந்து அடி உள்ளே தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு பாளக்கல்லைக் கடந்து, மீன் முறிக்குள் போய், ராகேல் வைத்து லேஸ் பின்னுகிற தலையணை இருந்த இடத்துக்கு வந்தது. ஆள் தலையணையை மரியாதையாகத் தூக்கினான். நூற்கட்டைகள் கலகலவென்று ஆடின. கோட்டைப் போட்டுவிட்டு, தலையணையை அதே இடத்தில் கோட்டுக்கு மேலேயே வைத்தான்.

ராகேல் அதைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அவள் உட்கார்ந்த இடம் அது. சரோஜம் பிறந்தது அந்த முறியில். ஆபீஸ்காரர் முன்னால் அழக் கூடாது என்று அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் பஸ் நின்றது. ராஜபாய் இறங்கினாள்.

ராஜபாய் தாசையனின் அக்காள். நெய்யாற்றின்கரையில் இருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை அவளுடைய மகளுக்குக் கல்யாணம். மணவாட்டியின் முக்காட்டுக்கு ராகேல் பன்னிரண்டு கஜம் லேஸ் பின்னிப் போன சனிக்கிழமைதான் அனுப்பியிருந்தாள். கல்யாண வீட்டுக்காரி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தால் அது சந்தோஷச் செய்தியாக இருக்காது. போதாதற்கு அவள் கையில் தையல்காரன் சத்தியதாஸின் கஜக்கோல் இருந்தது.

வளைவு, சுண்ணாம்புக் கோடு, குடை பிடித்த புது மனிதர் எதையும் அவள் பார்க்கவில்லை. நேரே ராகேலிடம் போனாள்.

"பன்னெண்டு கஜமுன்னு சொல்லி எத்தன தந்த பிள்ளெ? சத்தியதாஸ் அளந்தான். பதினொண்ணுதான் இருக்கு. அவன் கையில தப்பு வந்துபோச்சோன்னு நான் அளந்தேன். பதினொண்ணு. ஒரு கஜம் எங்க?"

பன்னிரண்டு தடவை வாசற்கல்லில் வைத்து, பன்னிரண்டு தடவை வாய்விட்டு எண்ணி அளந்தது ராகேலுக்கு நன்றாக நினைவிருந்தது. வாருங்கள், கல்லிலேயே அளந்து காட்டுகிறேன் என்று அக்காளை வாசலுக்கு அழைத்துப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். சங்கிலி பிடித்த ஆட்களும் போனார்கள். அவர்களுக்கு இது ரோட்டு வேலையைவிட ருசியாக இருந்தது.

ராஜபாய் குனிந்து கஜக்கோலைக் கல்லின்மேல் வைத்தாள். ஒரு முனையை முதல் வெட்டில் சேர்த்தாள். அடுத்த முனை இரண்டாவது வெட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று அங்குலம்.

ராஜபாய் கோலைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அதே மூன்று அங்குலம்.

ராகேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு கஜத்தில் மூன்று மூன்று அங்குலமாக ஒரு கஜம் போயிருக்கிறது. இந்தப் பன்னிரண்டு கஜத்தில் மட்டுமா? இருபத்திரண்டு வருஷம். போதகர் மனைவிக்கு, பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்கு, ஞானஸ்நானத்துக்கு, கல்யாணத்துக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை கஜம். எலுமிச்சையைத் திருப்பிக் கொடுத்தவள் அவள்.

"நீங்கதான சொன்னிய, கஜமுன்னு," என்று கணவரைப் பார்த்து மட்டும் கேட்டாள்.

தாசையன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். ஆமாம், அவர்தான் சொன்னார். கல்யாணமான முதல் வாரம், புதுப் பெண்டாட்டி கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வராமல் சொன்னது. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

இதற்குள் சரோஜம் முற்றத்துத் தூணில் ஒரு கரித்துண்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் அவள். கஜம் இல்லை என்றால் அது வேறு ஏதோ அளவு. சும்மா யாரும் கருங்கல்லை வெட்டி வைக்க மாட்டார்கள். முப்பத்திமூன்று அங்குலம். அப்பா காலையில்தான் சொன்னார், கல்தச்சர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று. வந்தவர்கள் இங்குள்ள ஆசாரிமாரின் கோலையா கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள்?

"சாரே," என்று அவள் சாம்பசிவனைக் கூப்பிட்டாள். "நாப்பத முப்பத்திமூணால பெருக்கிப் பாருங்க."

சாம்பசிவன் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நோட்டில் பெருக்கினார். ஆயிரத்து முந்நூற்றிருபது. பன்னிரண்டால் வகுத்தார். பென்சில் நின்றது. நோட்டைச் சரோஜத்திடம் திருப்பிக் காட்டினார். நூற்றுப்பத்து அடி. ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் ஆதாரத்தில் எழுதிய கோல் இந்தக் கல்லில் கிடக்கிற கோல். சத்திரம் ரோட்டுக்குள் ஓர் அடிகூட வரவில்லை. ஆனால் மலர்ந்த முகம் அவ்வளவு சீக்கிரமே சுருங்கவும் செய்தது. ஆபீஸில் ஒரு கேள்வி வரும் என்றார். நோட்டீஸ் வந்து ஆறு நாள் ஆகிறது. இந்த வெட்டை ஐந்து நாள் முன்னால் வெட்டியதில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வெகுகாலமாக இருக்கிற அளவு என்று யாராவது எழுதித் தர வேண்டும். அதுவும் வாயால் சொல்கிறவர் போதாது, தினம் அதை உபயோகப்படுத்தினவர் வேண்டும்.

எல்லோரும் ராகேலைப் பார்த்தார்கள்.

"அவா சொன்னா எடுபடும்," என்றார் சாம்பசிவன் மெதுவாக. "தனக்குக் கெட்ட பேர் வர்ற மாதிரி யாரும் பொய் எழுத மாட்டா பாருங்கோ."

ராகேலுக்கு விஷயம் விளங்கியது. இருபத்திரண்டு வருஷமாக மூன்று அங்குலம் குறைத்து லேஸ் விற்றேன் என்று தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, சர்க்கார் காகிதக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அதைக் கண்ட கண்ட குமாஸ்தாவெல்லாம் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரியும். எழுதாவிட்டால் வாசல் போகும். எழுதினால் பெயர் போகும்.

தாசையன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். வேண்டாம் என்றார். வாசலை இடித்தால் இடிக்கட்டும், பின்பக்கத்தில் ஐந்து முறி மிச்சம் இருக்கிறது, நமக்கு அது போதும் என்றார். சத்திரத்தின் ஓர் ஓட்டைக்கூட மாற்றச் சம்மதிக்காத மனிதர் அவர். அவர் வாயிலிருந்து இது வந்தது ராகேலுக்கு எதிர்பாராதது. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. கோபம் கரைந்ததும் பயமும் கொஞ்சம் குறைந்தது.

"பேப்பர் எடு சரோஜம்," என்றாள்.

அவளே எழுதினாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கல்லில் கஜம் என்று நம்பி அளந்தேன், கஜம் என்று சொல்லி விற்றேன், அது மூன்று அங்குலம் குறைவு என்பது இன்றுதான் தெரியும் என்று மூன்றே வரி. கணவர் சொன்னதால் நம்பினேன் என்று எழுதவில்லை. தாசையன் எட்டிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார் சாம்பசிவன். சரோஜம் கையை நீட்டினாள். அதற்குள் ராஜபாய் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"லேஸ் கொறஞ்சது எனக்கில்லியா," என்றாள். "மொத கொறை பறஞ்சவ நான். ஆபீஸர் சாரும் கேட்டாரு. நான் போடுகேன்."

பெரிய எழுத்தில் ராஜபாய் என்று போட்டாள். போட்டுவிட்டு ராகேலின் தலையில் கையை வைத்தாள். தட்டவும் இல்லை, தடவவும் இல்லை, சும்மா வைத்தாள். ராகேல் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

சாம்பசிவன் காகிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தார். சனிக்கிழமை பெரிய சார் நேரில் வந்து கல்லைப் பார்ப்பார், அதுவரை கோட்டுக்கு இப்பால் யாரும் ஒரு செங்கல்லையும் தொட மாட்டார்கள் என்றார். அவர் வரும்போது நடுவில் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், ஆதாரத்தில் இருக்கும் பெயரோடு அது ஒத்துப்போனால் பிறகு பேச்சே இல்லை என்றார். புறப்படுவதற்குக் குடையை எடுத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"காலம்பற கொண்டுவந்தேளே, அந்தக் காப்பி இன்னும் இருக்கோ?"

சூடு பண்ணிக் கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்தார். சங்கிலி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஸ்ரீவராகத்தில் போய்ச் சொல்லக் கூடாது என்று அவரே அவர்களிடம் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் ராஜபாய் ஊருக்குக் கிளம்பவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு கஜம் வேண்டும், அது கண்முன்னால் முடியாமல் நகர மாட்டேன் என்று மீன் முறியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ராகேல் தலையணையை மடியில் எடுத்தாள். சுண்ணாம்புக் கோடு அவளுடைய சேலையில் வெள்ளையாக ஒட்டியது. ராஜபாய் நூற்கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுக்க, ராகேலின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. இனிமேல் யாருக்கெல்லாம் எவ்வளவு பின்னிக் கொடுக்க வேண்டும் என்று அவள் கவலைப்பட, செத்துப்போனவர்களை மட்டும் விட்டுவிடு என்று ராஜபாய் சொன்னாள். காலையிலிருந்து முதல் தடவையாக ராகேல் சிரித்தாள்.

வாசலில் சரோஜம் புளியும் தேங்காய் நாரும் போட்டுக் கல்லைத் தேய்த்தாள். தாசையன் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். எழுத்து வர வர அவர் வாசிக்கத் தயாராக இருந்தார். நாகேஸ்வரன் என்ற பெயருக்கு எந்த எழுத்து எங்கே வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

முதல் எழுத்து வந்தது. சரோஜம் கையை நிறுத்தினாள்.

"அப்பா, 'நா' இல்ல," என்றாள். "'பி'."

காவி இன்னும் போகவில்லை என்று அவர் மேலும் ஒரு செம்பு ஊற்றினார். 'பி'தான். அடுத்து 'ச்'. அதற்கடுத்து 'ச'. சரோஜம் விடாமல் தேய்த்தாள். கடைசியில் கல் தன் வாயால் சொல்வதுபோல இரண்டு வெட்டுக்கும் நடுவே சுத்தமாக எழுந்து நின்றது: பிச்சம்மாள் கோல்.

தாசையன் செம்பைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக வந்தவர் போனவர் எல்லோருக்கும் சத்திரத்தின் கதையைச் சொன்ன மனிதர் அந்தப் பெயரை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். ஆதாரத்தில் எங்கும் பிச்சம்மாள் இல்லை. பெரிய சார் வர நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

சரோஜம் மீன் முறி வாசலுக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னாள். ராகேல் நிமிர்ந்து பார்த்தாள். ராஜபாய் நிமிரவில்லை. ஆனால் அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்த நூல் அறுந்துபோயிருந்தது. யோசுவாவின் மூத்த மகள் அவள். தாசையன் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த முற்றத்தில் ஓடி விளையாடினவள்.

"மைனி, அது யாரு?" என்று கேட்டாள் ராகேல்.

ராஜபாய் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

"மொதல்ல எனக்கெ ஒரு கஜத்த முடி," என்றாள். "இந்தத் தடவ முப்பத்தாறு அங்குலம் இருக்கட்டும். பெறவு சொல்லுகேன்."